காற்றில் அக்காவின் வாசனை

மதியம் சாய்ந்த நேரத்தில் காற்றில் அக்காவின் வாசனை வந்தது. லாதோன் முதலில் அதை நம்பவில்லை. அக்கா செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, செத்தவர்களின் வாசனை காற்றில் வராது, அதுவும் பூமி முடிந்து கடல் தொடங்குகிற இந்த மேற்குக் கோடித் தோட்டத்துக்கு வரவே வராது என்று அவனுடைய தலைகளில் ஒன்று சொன்னது. வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று இன்னொரு தலை கேட்டது. நூறு தலைகள் இருப்பதில் இதுதான் தொந்தரவு, எதையும் ஒரு தடவை நினைத்து முடித்துவிட முடியாது. ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று பிடித்துக்கொள்ளும், பிடித்ததைத் திருகும், திருகி வேறொன்றிடம் கொடுக்கும். சேற்று வாசனை, அழுகிய நாணல், அதற்குள்ளே பித்தத்தின் கசப்பு. அது அக்காதான். லேர்னா சதுப்பில் ஒன்பது தலையோடு கிடந்த ஹைட்ரா. ஒன்பதையும் ஒருவன் வெட்டி, வெட்டிய கழுத்து மறுபடி முளைக்காதபடி தீயால் சுட்டு, வயிற்றைக் கிழித்து அந்தப் பித்தத்தில் தன் அம்புகளைத் தோய்த்துக்கொண்டு போனான் என்று கடல் பறவைகள் சொல்லியிருந்தன. அப்படியென்றால் இந்த வாசனை அக்கா அல்ல, அம்பு. அம்பு வருகிறது என்றால் அதை வைத்திருப்பவனும் வருகிறான். இந்த நினைப்பு வந்ததும் நூறு வாயும் ஒரே சமயத்தில் உலர்ந்துபோயின. மரத்தைச் சுற்றியிருந்த பாம்பு உடம்பு தானாக இறுகியது, மேலே இலைகளுக்குள் தங்கப் பழங்கள் ஒன்றோடொன்று இடித்து மெல்ல ஒலித்தன, அந்த ஒலியைக் கேட்டுத்தான் தான் நடுங்குகிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

அவன் வேலை அந்த மரத்தைக் காப்பது. தேவர்களின் ராணி ஹீராவின் கல்யாணத்துக்குப் பூமித்தாய் சீதனமாகக் கொடுத்த மரம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அட்லஸின் மூன்று பெண்களை ஹீரா வைத்தாள், அவர்கள் பழத்தைத் திருடித் தின்றார்கள், அதனால் பெண்களைப் பார்த்துக்கொள்ள லாதோனை வைத்தாள். அசையாதே, தூங்காதே, இவ்வளவுதான் கட்டளை. அன்றிலிருந்து அவன் மரத்தை விட்டு அசையவுமில்லை, தூங்கவுமில்லை. தூக்கம் என்றால் அவனுக்கு இன்னும் அம்மாவின் குகைதான். பாதிப் பெண்ணும் பாதிப் பாம்புமான அம்மா எக்கித்னா மேலே சுருண்டு கிடப்பாள், கீழே பிள்ளைகள் குவியலாகக் கிடப்பார்கள், எது யாருடைய கால், எது யாருடைய வால் என்று இருட்டில் தெரியாது. அக்கா மட்டும் தூங்காமல் அவன் தலைகளை எண்ணுவாள். உனக்கு நூறு இருந்து என்னடா பிரயோஜனம், ஒண்ணு போனா போனதுதான், எனக்கு ஒண்ணு போனா ரெண்டு வரும் என்பாள். சிங்க அண்ணன் உறுமுவார், பேசாமப் படுங்க சனியன்களா என்று. அண்ணனின் தோலில் பல் இறங்காது, எல்லோரும் கடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த அண்ணனைத்தான் நெமியா மலைக் குகையில் அந்த அம்புக்காரன் கழுத்தை நெரித்துக் கொன்றான். அதே ஆள், ஹெராக்ளீஸ். எவனோ ஒரு ராஜாவுக்கு வேலை செய்கிறானாம், ராஜா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக முடிக்கிறானாம். அண்ணன், அக்கா, அப்புறம் இரட்டைத்தலை நாய்த்தம்பி ஆர்த்ரோஸ். அவன் ஒரு தீவில் யாருடைய மாடுகளையோ காத்துக்கொண்டிருந்தான், மாடுகளை விட்டு ஓடாமல் நின்றான், ஒரே தடியடி. அந்த மாடுகள் கடைசியில் எங்கே போயின? ராஜா அவற்றை ஹீராவுக்கே பலி கொடுத்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து லாதோனின் ஏதோ ஒரு தலையில் அந்த மாடுகள் நடந்துகொண்டேயிருந்தன. ராஜாவின் வேலைப் பட்டியலில் எங்கள் வீட்டை மட்டும் ஏன் இப்படித் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார்கள் என்று யோசிப்பான். தன் முறை நெருங்கி வருவது மட்டும் தெரியும்.

"மாமா, உடம்பைக் கொஞ்சம் தூக்குங்க, தண்ணி ஊத்தணும்" என்று குரல் கேட்டது. பெண்கள் குடத்தோடு வந்திருந்தார்கள். தினமும் நடப்பதுதான். அவன் அடிச்சுற்று ஒன்றைத் தளர்த்துவான், அவர்கள் வேரில் தண்ணீர் ஊற்றுவார்கள், ஊற்றும் சாக்கில் ஒரு கை மேலே போகும், ஒரு தலை சீறும், கை இறங்கும். இன்று சுற்றைத் தளர்த்த அவனுக்கு நேரம் பிடித்தது.

"என்ன எல்லாத் தலையும் மலைப்பக்கமே பாக்குது?" என்றாள் கடைக்குட்டி ஹெஸ்பெரே. "நாங்க மரத்தையே பிடுங்கிட்டுப் போனாலும் தெரியாது போல."

"தெரியும்."

"எந்தத் தலை சொல்லுது?"

"ஓரத்துல இருக்கறது."

"அது பொய் சொல்ற தலையாச்சே" என்று சிரித்தாள். மூத்தவள் ஐக்ளே சிரிக்கவில்லை. அவன் உடம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, "மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி, குளுகுளுன்னு இருக்காரு" என்றாள். பாம்பு குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தான். அந்த நேரத்தில்தான் வானம் ஒரு தரம் குலுங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, கட்டில்காலை யாரோ தூக்கி வேறிடத்தில் வைத்த மாதிரி. வெளிச்சம் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நேரானது. இரண்டாமவள் எரிதேயா குடத்தைக் கீழே போட்டாள். "அப்பா" என்றாள்.

தோட்டத்துச் சுவரை ஒட்டிய மலையின் மேல்தான் அட்லஸ் நின்றுகொண்டிருந்தார், தேவர்களோடு போரிட்டுத் தோற்றதற்குத் தண்டனையாக வானத்தைத் தோளில் சுமந்துகொண்டு. பெண்கள் தினமும் கீழேயிருந்து அவர் பாதங்களைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது அந்த முகம் தோட்டத்து வாசலில் நின்றது. முதுகு நிமிரவில்லை. கைகள் இரண்டும் தலைக்கு மேலேயே நின்றன, இறக்க மறந்தவை போல. எரிதேயா அழுதுகொண்டே ஒரு கையைப் பிடித்து இழுத்தாள், அது இறங்கி, விட்டதும் மறுபடி மேலே போனது.

"விடும்மா, பழகிப்போச்சு" என்றார் அவர். "பழம் பறிக்க வசதியாத்தான் இருக்கும். என்ன லாதோன், சௌக்கியமா? மூணு பழம் வேணும்ப்பா."

"வானத்தை யார் பிடிச்சிட்டிருக்கா பெரியவரே?"

"ஒருத்தன் வந்தான். கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன், நீங்க போய்ப் பழம் பறிச்சிட்டு வாங்கன்னான். காலம் காலமா நிக்கிறேன், ஒருத்தன் அப்படிக் கேட்டதில்ல. யாரு எவருன்னு விசாரிக்கவா தோணும்?"

"என்ன உடுத்தியிருந்தான்?"

"சிங்கத் தோல்." அட்லஸ் கண்களை விரித்துத் தன் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு அவருக்கு அரைக் கவனமாகத்தான் இருந்தது. "கொடுத்துடுப்பா. கொடுக்கலேன்னா சுவரேறி வந்து உன்னை முடிச்சிட்டு எடுத்துக்குவேன்னான், அம்பைக் காட்டினான். இது ஆச்சுன்னா அவனுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கியாம். பாதாளத்து வாசல்ல ஒரு நாய் இருக்காமே, அதைத் தூக்கிட்டு வரணுமாம். மூணு தலையாமே அதுக்கு?"

மூணு தலை. அந்தச் சொல்லில் எல்லாத் தலைகளும் மாட்டிக்கொண்டு நின்றன. மூணு தலை, மூணு தலை என்று ஒவ்வொன்றாக அடுத்ததிடம் சொல்லிக்கொண்டு போனது, கடைசி வரை போய்த் திரும்பி முதலிலிருந்து வந்தது. கெர்பெரோஸ். கடைக்குட்டித் தம்பி. குகைக் குவியலின் நடுவில், எல்லோருடைய சூட்டிலும் கிடப்பான், பால் மறந்த பிறகும் அவன் மூன்று தலைகளும் ஒன்றின் காதை ஒன்று சப்பிக்கொண்டே தூங்கும், நடுத் தலைதான் முதலில் விழிக்கும், விழித்ததும் அண்ணனைத் தேடும், அண்ணன் என்றால் லாதோனை. இன்று நான், நாளை அவன். அப்புறம் வீட்டில் யாரும் இல்லை. அம்மா குகையில் ஒருத்தியாகச் சுருண்டு கிடப்பாள், கீழே குவியல் இருக்காது. பழத்தைக் கொடுத்துவிட்டால் நான் பிழைப்பேனா? பிழைத்தாலும் தம்பி? கொடுக்காவிட்டால் இரண்டு பேருமே இல்லை. சரி, இப்போது அந்த ஹெராக்ளீஸின் கை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை எந்தத் தலை கேட்டது என்று லாதோனுக்குப் பிறகும் தெரியவில்லை. அவன் கை இரண்டும் மேலே இருக்கிறது. வில்லைத் தரையில் வைத்துவிட்டுத்தான் வானத்தைப் பிடித்திருக்க முடியும், தடியையும் அப்படித்தான். அண்ணனை நெரித்த கை, அக்காவை வெட்டிய கை, தம்பியை அடித்த கை, அந்த இரண்டு கையும் இந்த நிமிஷம் ஒரு ஈயைக்கூட ஓட்ட முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம், இதோ, கூப்பிடு தூரத்தில். ஆனால் அசையாதே என்று ஹீரா சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கிறாள்தான். ஆர்த்ரோஸிடமும் யாரோ சொல்லித்தானே இருப்பார்கள், மாட்டை விட்டு நகராதே என்று. இத்தனை காலம் நான் இங்கே சுற்றிக்கொண்டு கிடந்தது கட்டளைக்காகவா, அல்லது சுற்றிக்கொள்ள ஒரு மரம் கிடைத்தது என்றா? மரத்தை நான் பிடித்திருந்தேனா, விழாமலிருக்க மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேனா? அக்கா செத்த சேதி வந்த அன்றுகூட ஒரு சுற்றும் அவிழவில்லை. அதைப் பெரிய கடமை என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டேன். பயத்தில் உடம்பு கட்டையாகிப்போயிருந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும், தெரியும் என்றன தலைகள். பயம் இப்போதும் இருந்தது. வால் நுனி வரை இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், எல்லாத் தலைகளுக்கும் முன்னால், மூன்று சின்னத் தலைகள் ஒன்றின் காதை ஒன்று சப்பிக்கொண்டு கிடந்தன.

முதல் சுற்று அவிழ்ந்தபோது மரம் கிறீச்சிட்டது. பட்டையில் அவன் செதில்கள் பதிந்து பதிந்து பள்ளமாகியிருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. "மாமா எங்கே போறாரு?" என்று ஹெஸ்பெரே கேட்டாள். உடம்பு எவ்வளவு நீளம் என்று அவனுக்கே மறந்திருந்தது, சுற்றுச் சுற்றாக அவிழ அவிழ வந்துகொண்டேயிருந்தது. வாலும் ஒரு சில தலைகளும் மரத்தில் இருக்க, மற்றவை புல்லைக் கடந்தன, வாய்க்காலைக் கடந்தன, சுவரின் கல்லை முதன்முதலாகத் தொட்டன. வெயிலில் காய்ந்து சுட்டது கல். இவ்வளவு சூடாக இருக்குமென்று தூரத்திலிருந்து பார்த்தபோது தெரியவில்லை. அந்தச் சூட்டில் வயிற்றை இழுத்துக்கொண்டு ஏறுவது சுகமாகக்கூட இருந்தது, சாகப் போகிறவனுக்கு இது என்ன சுகம் என்று ஒரு தலை வெட்கப்பட்டது. சுவருக்கு மேல் எழும்பி, மலைச்சரிவில் வளைந்து, வானத்தைப் பிடித்திருந்தவன் எதிரே போய் நின்றான்.

முதலில் கண்ணில் பட்டது அண்ணன். அந்த மனிதனின் தலைமேல் அண்ணனின் முகம் முக்காடு போலக் கிடந்தது, கண் இருந்த இடத்தில் ஓட்டை, மீசை மயிர் மட்டும் காற்றில் ஆடியது. முன்னங்கால்கள் மார்பில் முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. காலடியில் வில், தடி, அம்பறாத்தூணி. தூணியின் வாயிலிருந்து அக்கா வீசினாள். மனிதன் முட்டி மடங்கி, கழுத்து நரம்பு புடைத்து, வேர்வையில் கண்ணைத் திறக்க முடியாமல் நின்றான். இவ்வளவுதானா இவன் என்று இருந்தது. கனவில்லாத லாதோன் இத்தனை காலம் விழித்தபடியே கண்டுவந்த உருவம் மலை அளவு இருந்தது. இவனுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அதில் ஈ.

"யாரு, பெரியவரா?" என்றான் மனிதன். "சீக்கிரம் வாங்க. சும்மாடுகூட இல்லாமத் தூக்கிட்டேன், மண்டை பிளக்குது."

"பெரியவர் இல்ல."

மனிதன் ஒரு கண்ணைச் சிரமப்பட்டுத் திறந்தான். திறந்ததும் அவன் பார்வை வில்லுக்குப் போனது, அங்கிருந்து தன் கைகளுக்குப் போனது. வானம் லேசாக ஆடியது. அந்த ஒரு பார்வையில் லாதோன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பயம். தன்னுடையதேதான், அதே நிறம், அதே வறட்சி, அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

"உன் காலடியில கிடக்கற தூணியில இருக்கறது எங்க அக்கா" என்றது ஒரு தலை. "ராத்திரி என் தலைகளை எண்ணுவா. எண்ணி முடிக்கறதுக்குள்ள தூங்கிடுவா." "உன் தோள்ல இருக்கறது எங்க அண்ணன்" என்றது அடுத்தது. "பேசினா உறுமுவார், பேசாம இருந்தா என்னடா உடம்புக்குன்னு கேப்பார்." "தடியால நீ அடிச்சது தம்பி. ரெண்டு தலையும் ஒரே எலும்புக்குச் சண்டை போடும்." இப்படி ஒவ்வொரு தலையாகச் சொல்லிக்கொண்டே போயின. எந்தத் தலையில் எது தேங்கியிருந்ததோ அது வந்தது. அம்மாவின் மூச்சு, குகையின் ஈரம், யாரும் யாரையும் கடிக்காத ஒரு மழைக்காலம். மனிதனால் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. நகர முடியவில்லை. கண்ணை மூடினான், காது திறந்தே இருந்தது. இத்தனை வாய்கள் எதற்கு என்று லாதோன் பல காலம் தன்னையே நொந்துகொண்டதுண்டு. இன்று ஒன்றுகூட அதிகமாக இருக்கவில்லை.

பிறகு தலைகள் ஓய்ந்தன, ஓய்ந்த இடத்தில் விஷம் ஊறியது. குதிகால் இதோ. ஒரு கடி. முன்வரிசைத் தலைகள் தாழ்ந்து, வாய் திறந்து, குதிகாலின் உப்பு வாசனை வரை போய்விட்டன. வானம் ஒரு விரற்கடை இறங்கியது. தோட்டத்தில் இலைகள் சடசடவென்று உதிர்வதையும் ஐக்ளே தங்கைகளைக் கூப்பிடுவதையும் மரத்திலிருந்த தலைகள் கேட்டன.

"கடிக்கறதுன்னா கடிங்க" என்றான் மனிதன், பல்லைக் கடித்தபடி. "நான் விட்டேன்னா எல்லாரும் சேர்ந்துதான் போவோம்." கண்ணைச் சிமிட்டி வேர்வையைத் தள்ளி, "இதுங்களுக்கெல்லாம் ஒரு வீடு இருந்துச்சுன்னு யாரும் எனக்குச் சொல்லல" என்றான்.

"நீ கேக்கல."

"கேக்கல."

லாதோன் வாயை மூடினான். இரக்கம் ஒன்றுமில்லை, அதை அவன் தனக்குள் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டான். இந்த ஆள் சாவதைவிடப் பெரிதாக ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "மூணு பழம் தர்றேன்" என்றான். "நீ எடுக்கல, நான் தர்றேன். அதுக்கு ஒரு விலை இருக்கு. பாதாளத்து வாசல்ல இருக்கறது என் கடைசித் தம்பி. மூணு தலைக்கு மூணு பழம். அவனை உயிரோட கொண்டு போ, உன் ராஜாவுக்குக் காட்டு, உயிரோட கொண்டு போய்த் திரும்ப அந்த வாசல்லயே விடு. வில்லைத் தொடக் கூடாது. தடியைத் தொடக் கூடாது."

"வெறும் கையால எப்படிப் பிடிக்கறது அதை?"

"அது உன் கவலை." சொல்லிவிட்டு, மனம் கேட்காமல், "நடுத் தலைக்குக் காதுக்குப் பின்னால தடவிக் கொடு. சின்னதுல அதுக்கு அடங்குவான்" என்றான்.

"சரி."

"சரின்னா போதாது. சத்தியம் பண்ணு."

"யார் மேல?"

"உன் தோள்ல இருக்காரே, அவர் மேல."

மனிதன் தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தான், சிங்கத்தின் கன்னம் தன் கன்னத்தில் படும்படி. ஏதோ முணுமுணுத்தான். லாதோனுக்குக் கேட்டது. அது சத்தியம்தான். காற்று நின்றிருந்த அந்தக் கணத்தில் அண்ணனின் மீசை மயிர் ஆடாமல் இருந்தது.

மரத்திலிருந்த தலைகளில் ஒன்று பெண்களைப் பார்த்து, "மூணு பறிச்சு அப்பாகிட்ட குடுங்க" என்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலம் திருடப் பார்த்த கைகள் இப்போது மேலே எழவில்லை.

"நிஜமாவா மாமா?" என்றாள் எரிதேயா. "இது பொய் சொல்ற தலையா?"

"இல்ல. பறி."

"குடுத்து வாங்கினா என்ன ருசி இருக்கும்" என்று ஹெஸ்பெரே முணுமுணுத்தபடி கையை நீட்டினாள். காம்பு முறியும் ஓசை மூன்று முறை கேட்டது. ஒவ்வொரு முறையும் லாதோன் தன் உடம்பில் ஏதாவது முறிகிறதா என்று பார்த்தான். இல்லை. ஹீரா வருவாள், கேட்பாள். அசையாதே என்றேனே என்பாள். அசைந்தேன் என்று சொல்லலாம். கொடுத்தேன் என்று சொல்லலாம். ஆர்த்ரோஸின் மாடுகளைப் பற்றியும் கேட்கலாம். அவள் எது செய்தாலும் செய்யட்டும், அவள் முன்னால் எந்தத் தலையும் குனியப் போவதில்லை என்று தலைகளை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்தான், ஓரத்துத் தலைகூட ஒப்புக்கொண்டது. அப்போதுதான் ஒன்றுக்கு உறைத்தது, பேரத்தில் தன் உயிரைக் கேட்க மறந்துவிட்டோம் என்று. மற்ற தலைகளுக்கும் சொன்னது. எதுவும் கலவரப்படவில்லை. அவிழ்ந்த உடம்பை வெயிலில் நீட்டிக்கொண்டு கிடக்க, சுட்ட கல்லும் கடல்காற்றும் வேர்வை நாற்றமும் எல்லாமே நன்றாக இருந்தது. தான் இவ்வளவு பெரியவன் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் போலிருந்தது.

தங்கப் பழங்களை உயர்ந்த கைகளில் ஏந்தியபடி அட்லஸ் சரிவில் ஏறி வருவது தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தார், இரண்டடிக்கு ஒருமுறை நின்று மகள்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு. லாதோன் உடம்பை இழுத்துக்கொண்டு சுவரை நோக்கித் திரும்பினான்.

"இருங்க" என்றான் ஹெராக்ளீஸ் பின்னாலிருந்து. "அங்கே போறப்ப, தம்பிகிட்ட என்ன சொல்லட்டும்?"

நூறு தலையும் திரும்பின. சொல்ல எத்தனையோ இருந்தது.

"அண்ணன் இருக்கான்னு சொல்லு" என்றான் லாதோன்.